மிஸ்டர் பீன் காரும் எட்டாம் வகுப்புக் கூட்டு வட்டியும்

எட்டாம் வகுப்புக் கணக்கில் 'வாழ்வியல் கணிதம்' இயலில் கூட்டு வட்டியோடு தேய்மானக் கணக்கும் வரும். ஒருவர் ஒரு வாகனத்தை இன்ன விலைக்கு வாங்கினார், ஆண்டுக்கு இத்தனை சதவீதம் மதிப்புக் குறைகிறது, மூன்று ஆண்டுகளுக்குப் பின் அதன் மதிப்பு என்ன என்று கேட்கும் கணக்கு. கூட்டு வட்டிச் சூத்திரத்தில் கூட்டல் குறி இருக்கும் இடத்தில் கழித்தல் குறி போட்டால் விடை வந்துவிடும். பல ஆண்டுகளாக நானும் அப்படித்தான் நடத்தி வந்தேன். ஒரே பாடவேளையில் முடிந்துவிடும்.

சென்ற ஆண்டு அது ஒரே பாடவேளையில் முடியவில்லை.

எங்கள் பள்ளி பாபநாசத்துக்குப் பக்கத்தில், பொதிகை மலையடிவாரத்தில் இருக்கிறது. பிள்ளைகளின் வீடுகளில் ஆட்டோ ஓட்டுபவர்கள், கட்டட வேலைக்குப் போகிறவர்கள், பீடி சுற்றும் அம்மாக்கள் உண்டு. 2025 ஜனவரியில் நடிகர் அஜித்குமாரின் அணி துபாய் 24 மணி நேரக் கார் பந்தயத்தில் தன் பிரிவில் மூன்றாம் இடம் பிடித்தது. அதிலிருந்து எங்கள் பையன்களின் நோட்டுகளின் கடைசிப் பக்கம் முழுக்கப் பந்தயக் கார் படங்கள்தான். தேய்மானக் கணக்கைக் கரும்பலகையில் போட்டுக்கொண்டிருந்தபோது அப்படிப் படம் வரைந்துகொண்டிருந்த ஒரு மாணவன் எழுந்தான்.

"சார், மிஸ்டர் பீன் ஒரு கார் வச்சிருந்தாராம். வாங்குன வெலய விடப் பத்து மடங்குக்கு மேல வித்தாராம். நீங்க வண்டி வெல கொறயும்னு சொல்லுதீங்க?"

பக்கத்திலிருந்தவன் உடனே சேர்ந்துகொண்டான். "எங்கப்பா ஆட்டோ வருசா வருசம் கொறஞ்சுக்கிட்டேதான் சார் போகுது. அது மட்டும் எப்படிக் கூடும்?"

இரண்டு கேள்வியும் நியாயமானவை. அதிலும் இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லாமல் சூத்திரத்துக்குப் போனால், பாடநூல் ஒரு பக்கம், உலகம் ஒரு பக்கம் என்று பிள்ளைகள் முடிவு செய்துவிடுவார்கள். "நாளைக்குப் பார்ப்போம்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து படித்தேன். மறுநாள் தொடங்கியது ஐந்து பாடவேளைகள் நீண்டது. அதைத்தான் இங்கே பகிர்ந்துகொள்கிறேன். நீங்களும் உங்கள் வகுப்பில் செய்து பார்க்கலாம்.

முதல் பாடவேளை: புளியங்கொட்டை ஏலம்

விலை என்பது பொருளுக்குள்ளேயே இருப்பது என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். முதலில் அதை அசைக்க வேண்டும். அதற்கு ஓர் ஏலம் நடத்தினேன்.

32 மாணவர்களை எட்டுக் குழுக்களாகப் பிரித்தேன். ஒவ்வொரு குழுவுக்கும் 20 புளியங்கொட்டை. அதுதான் பணம். முன்பு வேறொரு வகுப்பில் பிள்ளைகளின் சொந்தக் கோலிக்குண்டுகளை வைத்தே ஏலம் நடத்தி, ஒரு பையன் எல்லாவற்றையும் இழந்து அழுதுவிட்டான். அது என் தவறு. பிள்ளைகளுக்குச் சொந்தமான எதையும் ஏலத்தில் இறக்க விடாதீர்கள்.

முதல் சுற்றில் எட்டுப் பென்சில்கள். எட்டுக் குழுவுக்கும் தலா ஒன்று கிடைக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். ஒரு பென்சில்கூட மூன்று கொட்டையைத் தாண்டவில்லை.

இரண்டாம் சுற்றில் அதே வகைப் பென்சில் ஒன்றே ஒன்று. அதில் ஒரு சிறு தாளை ஒட்டி '1/1' என்று எழுதியிருந்தேன். இம்முறை ஒவ்வொரு குழுவுக்கும் மறுபடி 20 கொட்டை நிரப்பிக் கொடுத்தேன். விலை மளமளவென்று ஏறி 20இல் போய் நின்றது.

மூன்றாம் சுற்றில் இன்னொரு '1/1' பென்சில். ஆனால் ஏழு குழுக்கள் வேடிக்கை மட்டும் பார்க்க வேண்டும், ஒரு குழு மட்டுமே கேட்கலாம் என்றேன். அந்தக் குழு ஒரு கொட்டை என்றது. எதிர்க்குரல் இல்லை. ஒரு கொட்டைக்கே முடிந்தது.

நான்காம் சுற்றில் எல்லாக் குழுவும் உண்டு, ஆனால் கையில் 40 கொட்டை. பென்சில் 40க்குப் போனது.

நான்கு விலைகளையும் கரும்பலகையில் எழுதி, "பென்சில் மாறிச்சா?" என்று கேட்டேன். இல்லை. "பிறகு எது மாறிச்சு?" பிள்ளைகளே சொன்னார்கள்: எத்தனை பென்சில் இருக்கிறது, எத்தனை பேர் கேட்கிறார்கள், கேட்கிறவர்கள் கையில் எவ்வளவு இருக்கிறது. பொருளியல் பாடத்தில் அளிப்பு, தேவை, வாங்கும் திறன் என்று பிறகு படிக்கப் போவதை அவர்கள் புளியங்கொட்டையில் கண்டுவிட்டார்கள்.

மூன்றாம் சுற்று கற்பனை என்று யாரும் நினைக்க வேண்டாம். பக்கத்து மாநிலத்தில் அப்படியே நடந்திருக்கிறது. 2021 டிசம்பரில் மஹிந்திரா நிறுவனம் குருவாயூர் கோயிலுக்குத் தார் வண்டியின் சிறப்புப் பதிப்பு ஒன்றைக் காணிக்கையாகக் கொடுத்தது. கோயில் அதை 15 லட்ச ரூபாய் அடிப்படை விலையில் ஏலம் விட்டது. ஒரே ஒருவர்தான் கேட்டார். 15 லட்சத்து 10 ஆயிரத்துக்கு முடிந்தது. அந்த ஏலத்தின் மீது கேள்வி எழுந்து, 2022 ஜூனில் மறு ஏலம் நடந்தது. இம்முறை பலர் போட்டியிட்டார்கள். அதே வண்டி 43 லட்சத்துக்குப் போனது. ஆறு மாதத்தில் வண்டியில் ஒரு திருகாணிகூட மாறவில்லை. கேட்பவர்களின் எண்ணிக்கைதான் மாறியது.

இரண்டாம் பாடவேளை: அரிது என்பது எப்படி வருகிறது?

அடுத்த நாள் நான்கு கார்களின் விவரத்தைக் கரும்பலகையில் எழுதினேன். எண்களைப் பெரிய எழுத்தில் எழுதுங்கள். பிள்ளைகள் சுழிகளை எண்ணியே பாதி நேரம் மகிழ்வார்கள்.

பெராரி 250 ஜிடிஓ. 1962 முதல் 1964 வரை 36 கார்கள் மட்டும் செய்யப்பட்டன. புதிதாக வந்தபோது அமெரிக்காவில் அதன் விலை சுமார் 18,000 டாலர். 2018 ஆகஸ்டில் அதில் ஒன்று பொது ஏலத்தில் 4 கோடியே 84 லட்சம் டாலருக்கு விற்றது.

மெக்லாரன் எஃப்1. 1990களில் செய்யப்பட்டது, மொத்தம் 106. 400 கிலோமீட்டர்கூட ஓடாத ஒரு கார் 2021இல் 2 கோடி டாலருக்கு மேல் விற்றது.

பெராரி என்ஸோ. 399 கார்கள் என்று அறிவித்து விற்றார்கள். 400ஆவது காரைப் போப்பாண்டவர் இரண்டாம் ஜான் பாலுக்குக் கொடுத்தார்கள். அது 2005இல் சுனாமியால் பாதிக்கப்பட்டவர்களுக்காக 10 லட்சம் யூரோ அளவில் ஏலம் போனது. நம் கடற்கரை மக்களையும் தாக்கிய அதே சுனாமி. 2015இல் அதே கார் 60 லட்சம் டாலருக்கு மேல் விற்றது.

மெர்சிடிஸ் 300 எஸ்எல்ஆர் ஊலன்ஹவுட் கூபே. 1955இல் இரண்டே இரண்டு செய்யப்பட்டன. 2022 மே மாதம் ஒன்றை அந்த நிறுவனமே 13 கோடியே 50 லட்சம் யூரோவுக்கு விற்றது. அந்தப் பணத்தில் இளைஞர்களுக்கான கல்வி உதவித்தொகை நிதியம் ஒன்றைத் தொடங்கியது.

"நாலும் அரிதான கார். நாலும் ஒரே காரணத்தால அரிதாச்சா?" என்று கேட்டேன். இங்கேதான் பாடம் ஆழமாகிறது.

250 ஜிடிஓ பந்தயத்துக்காகச் செய்த கார். பந்தயத்துக்குத் தேவைப்பட்ட அளவே செய்தார்கள். 60 ஆண்டு கழித்து விலை ஏற வேண்டும் என்று யாரும் குறைத்துச் செய்யவில்லை. மெக்லாரன் எஃப்1 காரை 300 வரை செய்யத் திட்டமிட்டிருந்தார்கள். விலை மிக அதிகம், காலமும் பொருளாதார மந்தக் காலம். வாங்க ஆள் இல்லாமல் 106இல் நின்றது. விற்காமல் போனதுதான் பின்னாளில் அதை அரிதாக்கியது. என்ஸோ கதை வேறு. சந்தை கேட்பதைவிட ஒரு கார் குறைவாகவே விற்க வேண்டும் என்பது அந்த நிறுவனத்தைத் தொடங்கிய என்ஸோ பெராரியின் கொள்கை என்று சொல்வார்கள். 400 செய்யாமல் 399 என்று நிறுத்துவது அந்தக் கொள்கையை எண்ணிலேயே எழுதி வைப்பது போன்றது.

ஆக, தானாக அரிதானது உண்டு. வேண்டுமென்றே அரிதாக்கப்பட்டதும் உண்டு. 'குறைந்த எண்ணிக்கையே உள்ளது' என்ற விளம்பரத்தைப் பார்க்கும்போது, அந்த எண்ணிக்கையை முடிவு செய்தது யார் என்று கேட்கப் பிள்ளைகளைப் பழக்க வேண்டும். கூட்டிச் செய்ய முடிந்தவர் ஒருவர் இருந்தால், நாளைக்கு அவர் கூட்டிவிடலாம்.

மூன்றாம் பாடவேளை: 1150 சதவீதமா, 15 சதவீதமா?

இப்போது மிஸ்டர் பீன் கணக்கு. அந்தப் பாத்திரத்தில் நடித்த ரோவன் அட்கின்சன் 1997இல் ஒரு மெக்லாரன் எஃப்1 காரை 6,40,000 பவுண்டுக்கு வாங்கினார். 2015இல் 80 லட்சம் பவுண்டுக்கு விற்றார்.

எழுதி முடிப்பதற்குள் ஒரு மாணவி, "ஆறு லட்சம் பவுனா சார்?" என்று வாயைப் பிளந்தாள். பவுனுக்கும் பவுண்டுக்கும் உள்ள வேறுபாட்டை முதலில் சொல்லிவிடுவது நல்லது. கணக்கு எளிதாக இருக்க ஒரு பவுண்டுக்கு நூறு ரூபாய் என்று வைத்துக்கொண்டோம். 6 கோடியே 40 லட்சத்துக்கு வாங்கியது, 80 கோடிக்கு விற்றது.

இலாபம் 73 கோடியே 60 லட்சம். இலாபச் சதவீதம் 1150. வகுப்பே கை தட்டியது. "18 வருசம் வச்சிருந்தாருல்லா, வருசத்துக்கு எவ்வளவு?" என்றேன். 1150ஐ 18ஆல் வகுத்து ஏறத்தாழ 64 சதவீதம் என்றார்கள். இது தனி வட்டிக் கணக்கு. ஆண்டுதோறும் வளர்ந்த மதிப்பின் மேல் மறுபடி வளர்ந்தால் எத்தனை சதவீதம்? அதுதான் கூட்டு வட்டி.

எட்டாம் வகுப்புக்கு மடக்கை தெரியாது. ஊகித்துச் சரிபார்க்கும் முறையே போதும். 80 கோடி என்பது 6.4 கோடியின் 12.5 மடங்கு. 1.10ஐ அதனாலேயே 18 முறை பெருக்கினால் சுமார் 5.6 மடங்கு, போதாது. 1.20 வைத்தால் சுமார் 26.6 மடங்கு, அதிகம். 1.15 வைத்தால் சுமார் 12.4. கிட்ட வந்துவிட்டது. ஆண்டுக்கு 15 சதவீதம்!

'1150' என்று கை தட்டிய வகுப்பு '15' என்றதும் அமைதியானது. இரண்டும் ஒரே உண்மைதான். ஆனால் எதைச் சொன்னால் நமக்கு எப்படிக் கேட்கிறது என்பதைப் பிள்ளைகள் அன்று கண்டார்கள்.

15 சதவீதத்துக்கு மனக்கணக்கும் உண்டு. 1.15ஐ ஐந்து முறை பெருக்கினால் 2. அதாவது ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை இரட்டிப்பு. இதை வைத்து 250 ஜிடிஓ கணக்கைப் பிள்ளைகளே போட்டார்கள். 1962 முதல் 2018 வரை 56 ஆண்டுகள். 11 முறை இரட்டித்தால் 2048 மடங்கு. மிச்சம் ஓர் ஆண்டுக்கு 15 சதவீதம் சேர்த்தால் சுமார் 2355 மடங்கு. 18,000ஐ அதனால் பெருக்கினால் 4 கோடியே 24 லட்சம் டாலர். உண்மையில் விற்றது 4 கோடியே 84 லட்சம். கிட்டத்தட்ட அதே வேகம்! உலகத்தின் மிக அரிய காரும் ஏறத்தாழ ஆண்டுக்கு 15 சதவீதம்தான் வளர்ந்திருக்கிறது. இந்த 15 என்ற எண்ணை வகுப்பின் ஓரத்தில் எழுதி வைத்தேன். பின்னால் அது பயன்பட்டது.

நான்காம் பாடவேளை: அட்டவணையில் இல்லாதவை

இந்த இடத்தில் நிறுத்தினால், அரிதான பொருளை வாங்கினால் பணக்காரர் ஆகலாம் என்பதுதான் பாடமாகிவிடும். அது ஆபத்து. நாம் எழுதிய அட்டவணையில் என்னென்ன இல்லை என்று தேடச் சொன்னேன்.

முதலில், செலவு இல்லை. அட்கின்சன் அந்தக் காரை 2011இல் மோதிவிட்டார். அதைச் சரிசெய்யக் காப்பீட்டு நிறுவனம் 9,10,000 பவுண்டு கொடுத்தது. கார் வாங்கிய விலையைவிடப் பழுது பார்த்த செலவு அதிகம்! காப்பீடு இல்லாவிட்டால் அது யார் பணம்? 18 ஆண்டுக் காப்பீட்டுத் தவணையும் பராமரிப்பும் எங்கே? "கார் நிப்பாட்ட இடம் வேணும் சார்" என்றான் ஆட்டோக்காரரின் மகன். சரியான பதில்.

அடுத்து, இறக்கம் இல்லை. முதல் விலையையும் கடைசி விலையையும் மட்டும் எழுதினால் நடுவில் நடந்தது தெரியாது. 1980களின் இறுதியில் பழைய பெராரி கார்களின் விலை தாறுமாறாக ஏறியது. 250 ஜிடிஓ ஒரு கோடி டாலரைத் தாண்டியது. 1990களின் நடுப்பகுதிக்குள் அதில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு விழுந்தது. 1989இல் கடன் வாங்கி வாங்கியவரின் நிலை என்ன? 2018 வரை காத்திருக்க எல்லாராலும் முடியுமா? ஒரு வரைபடத்தாளில் தோராயமாக இந்த ஏற்ற இறக்கத்தை வரையச் செய்யலாம். கோடு எப்போதும் மேலேயே போகாது என்பது கண்ணில் பட வேண்டும்.

மூன்றாவதாக, விட்டுவிட்டவர்கள் இல்லை. இது நம்மைப் போன்ற ஆசிரியர்களுக்குச் சுவையான செய்தி. 1960களில் ஒரு 250 ஜிடிஓ அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் விக்டோரியா என்ற ஊரின் உயர்நிலைப் பள்ளிக்கு நன்கொடையாக வந்தது. மாணவர்கள் மோட்டார் பழுது பார்க்கும் தொழிலைக் கற்க அதைப் பயன்படுத்தினார்கள். 1972இல் அந்தப் பள்ளி அதை 6,500 டாலருக்கு விற்றுவிட்டது. "அந்த சாருங்க ஏமாந்துட்டாங்க" என்றது வகுப்பு. உண்மையில் ஏமாந்தார்களா? 1972இல் அது பந்தயத்தில் தோற்றுப்போகும் ஒரு பழைய கார். அதைப்போல அன்று ஆயிரக்கணக்கான பழைய கார்கள் காயலான் கடைக்குப் போயின. எது ஏறும் என்பது ஏறிய பிறகுதான் தெரிகிறது. ஏறியதை மட்டும் செய்தியில் படிக்கிறோம். ஏறாமல் துருப்பிடித்தவற்றைப் பற்றி யாரும் எழுதுவதில்லை.

கடைசியாக ஒரு கேள்வி கேட்டேன். "நம்ம பக்கத்துல அரிதான பொருள் எது?"

அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமான் என்றார்கள். பத்தமடைப் பாய் என்றார்கள். பத்தமடை நாங்கள் திருநெல்வேலி போகும் வழியில்தான் இருக்கிறது. கோரையை ஆற்று நீரில் ஊறவைத்து, நூல்போல் கிழித்து நெய்யும் பட்டுப்பாய்க்குப் புவிசார் குறியீடு உண்டு. ஒரு மெல்லிய பாய் நெய்ய வாரங்கள், மாதங்கள்கூட ஆகும். நெய்யத் தெரிந்த கைகள் குறைந்துகொண்டே வருகின்றன.  பிறகு ஏன் பாய் நெய்யும் அம்மா பணக்காரர் ஆகவில்லை?

வகுப்பு நீண்ட நேரம் பேசியது. பாய் தேயும், கார் தேயாமல் வைத்திருக்கலாம். பழைய பாயை வாங்க ஆள் இல்லை. பாய்க்கு உலகம் முழுவதும் பேர் தெரிந்த ஏலக்கடை இல்லை. கோடி கோடியாக வைத்துக்கொண்டு பாய்க்காகப் போட்டி போடுபவர் இல்லை. ஒரு மாணவி சொன்னது எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. "சார், காருல வெல கூடுனப்ப காசு செஞ்சவங்களுக்குப் போகல. கடைசியா வச்சிருந்தவங்களுக்குத்தான் போச்சு." அரிதாக இருப்பது மட்டும் விலையை ஏற்றாது. விலை ஏறினாலும் அது உழைத்தவர் கைக்குப் போகும் என்பதும் உறுதியில்லை. எட்டாம் வகுப்பு மாணவி இதைத் தானே கண்டுபிடித்துச் சொன்னாள்.

ஐந்தாம் பாடவேளை: வீட்டுக்கு வந்த துண்டறிக்கை

அடுத்த வாரம் வேறொரு மாணவி ஒரு துண்டறிக்கையை மடித்துக் கொண்டுவந்தாள். வீட்டுமனை விளம்பரம். 'குறைந்த மனைகளே உள்ளன. மூன்றே ஆண்டில் மதிப்பு இரு மடங்கு. இன்றே முந்துங்கள்.' அவள் அம்மா பீடி சுற்றிச் சேர்த்த பணத்தில் முன்பணம் கட்டலாமா என்று வீட்டில் பேச்சு நடக்கிறதாம்.

அறிக்கையில் இருந்த பெயரையும் தொலைபேசி எண்ணையும் மறைத்துவிட்டுக் கணக்கை மட்டும் கரும்பலகையில் எழுதினேன். வாங்கலாம் என்றோ வேண்டாம் என்றோ சொல்வது ஆசிரியரின் வேலை இல்லை. மூன்று ஆண்டில் இரட்டிப்பு என்றால் ஆண்டுக்கு எத்தனை சதவீதம்? ஊகித்துப் பார்த்தார்கள். 1.20ஐ மூன்று முறை பெருக்கினால் 1.728. 1.25க்கு 1.95. 1.26க்கு 2.

"இருபத்தாறு!" என்று சொன்னவன் ஓரத்தில் எழுதி வைத்திருந்த 15ஐத் திரும்பிப் பார்த்தான். வகுப்பும் பார்த்தது. உலகத்தில் 36 மட்டுமே உள்ள காருக்கே 15 சதவீதம். பக்கத்தில் இன்னும் எத்தனையோ வயலை மனையாக்கலாம் என்று இருக்கும் இடத்துக்கு 26 சதவீதமா? ஏறவே ஏறாது என்று சொல்ல முடியாது. ஆனால் எப்படி ஏறும் என்று கேட்காமல் பணம் கொடுக்கக் கூடாது.

எட்டாம் வகுப்புச் சமூக அறிவியலில் பணம், சேமிப்பு, முதலீடு பற்றிய பாடம் இருக்கிறது. அதையும் இதோடு இணைத்து, பிள்ளைகளும் நானும் சேர்ந்து ஐந்து கேள்விகளை எழுதினோம்.

1. குறைவாக இருக்கிறது என்று சொல்கிறார்களே, எண்ணிக்கையை முடிவு செய்தது யார்? அவர்களால் கூட்ட முடியுமா?

2. எனக்குப் பிறகு இதை வாங்கப் போவது யார்? அவர்கள் எத்தனை பேர்?

3. சொல்லும் இலாபம் ஆண்டுக்குக் கூட்டு வட்டியில் எத்தனை சதவீதம்? வங்கி வைப்புத்தொகை வட்டியோடு ஒப்பிட்டால் எவ்வளவு அதிகம்? அந்த அதிகம் எங்கிருந்து வரும்?

4. வைத்திருக்கும் காலத்தில் செலவு என்ன? நடுவில் அவசரமாகப் பணம் வேண்டுமென்றால் விற்க முடியுமா?

5. எழுத்தில் என்ன இருக்கிறது? அங்கீகாரம், வில்லங்கச் சான்று, பத்திரம் எல்லாவற்றையும் யாரிடம் காட்டிச் சரிபார்ப்பது?

அந்த மாணவி கேள்விகளை எழுதி எடுத்துக்கொண்டு போனாள். சில நாள் கழித்து, "அப்பா அஞ்சாவது கேள்விய அவங்ககிட்ட கேட்டாங்க சார். காயிதம் கொண்டுவாரோம்னு போனவங்க இன்னும் வரல" என்றாள். அவர்கள் வாங்கினார்களா இல்லையா என்று நான் கேட்கவில்லை. கேட்டு முடிவு செய்கிறார்கள், அது போதும்.

பிற வகுப்புகளில் எப்படிச் செய்யலாம்?

4, 5ஆம் வகுப்புகளுக்குப் புளியங்கொட்டை ஏலம் மட்டும் போதும். நான்கு சுற்றையும் நடத்தி, எந்தச் சுற்றில் விலை ஏன் மாறியது என்று ஒரு வாக்கியத்தில் சொல்லச் செய்யலாம். பெரிய எண்களை எழுதவும் வாசிக்கவும் கார் விலைகளைப் பயன்படுத்தலாம்.

6, 7ஆம் வகுப்புகளில் விகிதம், சதவீதம் நடத்தும்போது 'எத்தனை மடங்கு' என்பதையும் 'எத்தனை சதவீதம் கூடுதல்' என்பதையும் பிரித்துக் காட்ட இந்த எண்கள் உதவும். 12.5 மடங்கு என்பது 1250 சதவீதக் கூடுதல் அல்ல, 1150 சதவீதக் கூடுதல். பலர் தடுமாறும் இடம் இது.

9, 10ஆம் வகுப்புகளில் பெருக்குத் தொடர் வரிசைக்கு 1, 2, 4, 8 என்ற இரட்டிப்பை 250 ஜிடிஓ விலையோடு இணைக்கலாம். மேனிலை வகுப்புப் பொருளியல் ஆசிரியர்கள் குருவாயூர் ஏலத்தைத் தேவை பற்றிய பாடத்தில் எடுத்துக்கொள்ளலாம். தமிழாசிரியர்கள் 'குறைந்த எண்ணிக்கையே உள்ளது' வகை விளம்பர மொழியைப் பற்றி ஒரு கட்டுரைப் பயிற்சி கொடுக்கலாம்.

ஒரே ஓர் எச்சரிக்கை. வீட்டில் யார் எவ்வளவு சேமித்தார்கள், எதில் இழந்தார்கள் என்று வகுப்பில் பிள்ளைகளைச் சொல்ல வைக்காதீர்கள். தானாகக் கொண்டுவந்தால் பெயரை மறைத்துக் கணக்கை மட்டும் எடுங்கள். சொல்ல வேண்டுமென்றால் நம் கதையைச் சொல்வோம்.

நான் என் கதையைச் சொன்னேன். என் அப்பா விக்கிரமசிங்கபுரம் மில்லில் வேலை பார்த்தவர். 1994இல் வேலையிலிருந்து விலகியபோது கிடைத்த பணத்தில் 20,000 ரூபாயை ஒரு தேக்கு மரத் திட்டத்தில் போட்டார். ஒரு கன்றுக்கு 1000 ரூபாய். 20 ஆண்டில் ஒரு மரம் 50,000 ரூபாய் ஆகும் என்று அச்சடித்த ரசீதில் இருந்தது. 20 கன்று, பத்து லட்சம். அந்தக் காலத்தில் பல வீடுகளில் இப்படி ரசீதுகள் வாங்கினார்கள். சில ஆண்டுகளில் திருநெல்வேலியில் இருந்த அந்த அலுவலகம் பூட்டிக் கிடந்தது. மரத்தையும் பார்க்கவில்லை, பணத்தையும் பார்க்கவில்லை. அப்பா அதைப் பற்றிப் பேசுவதையே நிறுத்திவிட்டார்.

டிரங்குப் பெட்டியிலிருந்து அந்த ரசீதை எடுத்து வகுப்புக்குக் கொண்டுபோனேன். 20 ஆண்டில் 50 மடங்கு. ஐந்து முறை இரட்டித்தால் 32, ஆறு முறை இரட்டித்தால் 64. ஆக மூன்றரை ஆண்டுக்கு ஒரு முறை இரட்டிப்பு. ஆண்டுக்கு 21, 22 சதவீதம் வருகிறது என்று ஐந்து நிமிடத்தில் சொல்லிவிட்டார்கள். "பெராரிய விடக் கூட சார்" என்றான் படம் வரைகிற பையன்.

1994இல் எங்கள் வீட்டில் அந்த ஐந்து நிமிடக் கணக்கைப் போடக்கூடிய ஆள் ஒருவர் இருந்தார். நான்தான். பதினொன்றாம் வகுப்பில் கணிதப் பிரிவில் படித்துக்கொண்டிருந்தேன். கூட்டு வட்டிக் கணக்கில் எனக்கு ஒரு மதிப்பெண்கூடக் குறைந்ததில்லை. அப்பா அந்த ரசீதை என் கையில் கொடுத்துப் படிக்கச் சொன்னார். சத்தமாகப் படித்துக் காட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். தேர்வுத்தாளில் வருகிற கணக்கும் அப்பா கையிலிருந்த ரசீதும் ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

இப்போது தேய்மானக் கணக்குக்கு ஐந்து பாடவேளை எடுத்துக்கொள்வது அதனால்தான்.